இறைத்தால் ஊறுமா மூட்டு நீர்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. சர்க்கரை உண்டு, ஆஸ்பிரினும் சாப்பிடுகிறார். பத்து நாளாக வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருக்கிறது. ஊசி போட்டு நீரை எடுக்கவேண்டும் என்கிறார் டாக்டர். ‘ஒரு தடவை எடுத்தால் அப்புறம் ஊறிக்கொண்டே இருக்கும், மூட்டு எண்ணெயும் வற்றிவிடும்’ என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னதிலிருந்து அப்பா வர மறுக்கிறார். எடுக்கலாமா?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக எடுக்கலாம். ‘இறைக்கிற கிணறுதான் ஊறும்’ என்பது கிணற்றுக்குச் சரி. மாமா அதை முழங்காலுக்குக் கொண்டுவந்துவிட்டார்! நல்ல முழங்காலில் இருக்கும் நீர் மூன்று, நான்கு மில்லிதான். ஒரு டீஸ்பூன்கூட நிறையாது. வீங்கிய முழங்காலில் 50, 60 மில்லி வருவது சாதாரணம். அது உள்சவ்வு அழன்று அளவுக்கு மீறிச் சுரந்தது. எடுத்தபின் மறுபடி சேர்ந்தால், காரணம் இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். ஊசி மேல் பழி இல்லை.

படுக்கவைத்து, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைப்பார்கள். மரத்துப்போக ஒரு ஊசி. பிறகு முழங்கால் சில்லுக்குப் பக்கவாட்டில் சற்றுத் தடிமனான ஊசி. சில நிமிட வேலை. இறுக்கம் விட்டதும் கால் மடங்குவதை அப்பாவே உணர்வார்.

விஷயம் அந்த சிரிஞ்சுக்குள் இருக்கிறது. நல்ல மூட்டு நீர் வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்கும். முனையிலிருந்து சொட்டவிட்டால் கம்பிப் பாகு மாதிரி நூலிழுக்கும். அழற்சி வந்த நீரில் அந்தக் கம்பி அறுந்து, வெறும் தண்ணீராகச் சொட்டும். சீழ்போலக் கலங்கியிருந்தால் கிருமித் தொற்றோ என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும். வெள்ளணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 200-க்குள் இருப்பது இயல்பு. 50,000 தாண்டினால் சந்தேகம் பலமாகிவிடும். கவுட் (யூரிக் ஆசிட் உப்பு மூட்டில் படிந்து வரும் வாதம்) என்றால் மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாக அந்த உப்பின் யூரேட் படிகங்கள் தெரியும். ரத்தத்தில் யூரிக் ஆசிட் பார்த்தாயிற்றே என்பீர்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது அது நார்மல் என்று வருவதும் உண்டு.

அப்படியிருக்க, எடுத்த நீரை வாளியில் ஊற்றிவிட்டு, கையோடு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. எனக்குக் கோபம் வருவது அங்கேதான். தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்போது ஸ்டீராய்டு போடக்கூடாது. ‘நீரை டெஸ்டுக்கு அனுப்புகிறீர்களா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. பின்னால் ஸ்டீராய்டு போட நேர்ந்தால், சில நாள் சர்க்கரை ஏறும். வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவேண்டாம், பெரும்பாலும் அவசியப்படாது. மருந்துச் சீட்டை மட்டும் எடுத்துப் போங்கள். ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் மாடிப்படி ஏறாமல் இருக்கட்டும். இதற்கிடையே காய்ச்சல் வந்தாலோ, முழங்கால் சிவந்து கொதித்தாலோ, அப்பாவின் சம்மதத்துக்காக விடியும்வரை காத்திருக்காதீர்கள். ராத்திரியே கூட்டிப் போங்கள்.