லைட் பெரிசு, அறை இருட்டு: படுக்கையறை வெளிச்சம் பற்றிய கேள்விகள்

கேள்வி: வெள்ளவத்தையில் பிளாட். படுக்கையறை 12க்கு 11 அடி. கதவில்லாத வாசல் ஒன்றால் அதோடு சேர்ந்தபடி 10க்கு 8 அடியில் ஒரு சிட்டிங் பகுதி. அறை நடுவில் இருந்த 18 வோட் லைட்டைக் கழற்றி 24 வோட் வெள்ளை போட்டோம். கண் கூசுகிறதே தவிர அறை வெளிச்சமாகவில்லை. இன்னும் பெரிசாகப் போடலாமா?

பதில்: வேண்டாம். கணக்குப் பார்த்தால் உங்களிடம் ஒளிக்குக் குறைவில்லை. உங்கள் அறை ஏறக்குறைய 12 சதுர மீற்றர். படுக்கையறைக்குப் பொது வெளிச்சம் 100 லக்ஸ் போதும், அதாவது சதுர மீற்றருக்கு 100 லுமென் (லுமென் என்பது பல்ப் தரும் ஒளியின் அளவு). அதற்கு 1200 லுமென் வேண்டும். சுவரும் அலுமாரியும் திரைச்சீலையும் பாதியை விழுங்கினாலும் 2400 லுமென். நல்ல 24 வோட் எல்.ஈ.டி. கிட்டத்தட்ட அவ்வளவு தரும்.

உள்ள ஒளி எங்கே விழுகிறது என்பதில்தான் சிக்கல். சீலிங்கோடு ஒட்டிய தட்டை லைட் பெரும்பாலும் கீழ்நோக்கியே அடிக்கும். தரையும் மெத்தையும் வெளிச்சமாகும், சீலிங்கும் சுவரின் மேற்பாதியும் மங்கியே இருக்கும். ஒரு அறை வெளிச்சமா இருட்டா என்பதை நம் கண் பெரும்பாலும் சுவரைப் பார்த்தே தீர்மானிக்கிறது. வோட்ஸைக் கூட்டக் கூட்டக் கூச்சம்தான் ஏறும்.

எனவே நடு லைட்டை 12 வோட்டுக்கு இறக்கி, மிச்சத்தைப் பிரித்துப் போடுங்கள். கட்டிலின் இரு பக்கமும் சுவர் லைட், ஒவ்வொன்றுக்கும் 5 வோட் பல்ப். உயரத்தை அடிக்கணக்கில் கேட்காதீர்கள், கட்டிலுக்குக் கட்டில் மாறும். வாசிக்கும்போது எப்படிச் சாய்ந்து இருப்பீர்களோ அப்படியே இருந்துகொண்டு, காது மட்டத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். லைட் மூடியின் கீழ் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் பல்ப் கண்ணில் குத்தும், கீழே போனால் புத்தகத்தின் மேற்பக்கம் இருட்டாகும். சுவிச் தலையணையிலிருந்து கைக்கு எட்டட்டும்.

சிட்டிங் பகுதிக்கு, சோபாவுக்குப் பின்மூலையில் ஒளியை மேலே அடிக்கும் நிற்கும் விளக்கு ஒன்று, 9 வோட். சீலிங் வெள்ளையாக இருந்தால் ஒளி அங்கே பட்டுத் திரும்பி அந்தப் பகுதி முழுவதும் மென்மையாகப் பரவும். மஞ்சளடித்த பழைய சீலிங் என்றால் முதலில் பெயின்ட் வாங்குங்கள். எந்த லைட்டை வாங்குவதையும்விட அதற்குப் பலன் அதிகம். ரி.வி. இருந்தால் அதன் எதிர்ச்சுவரில் எந்த லைட்டும் வேண்டாம், திரையில் தெரியும்.

நிறத்தை இரண்டு இடத்துக்கும் ஒன்றாக, 3000 கெல்வினில் எடுங்கள். வாசலுக்குக் கதவில்லை என்பதால் இரண்டும் ஒரே பார்வையில் படும். ஒரு பக்கம் 6500, மறுபக்கம் 3000 என்றால் ஒன்று நீலம் பாய்ந்தும் மற்றது மஞ்சள் பிடித்தும் தெரியும்.

கொங்கிரீட் தட்டைக் குடைந்து புதுக் குழாய் போட முடியாது, போடவும் கூடாது. சீலிங் மூலையோடு, வயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங் ஓட்டி வயரைக் கொண்டுபோங்கள். சுவரை வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சுவிச்சிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கீழே மட்டும். சாய்வாக வெட்டினால் நாளைக்குப் படம் மாட்ட ஆணி அடிப்பவர் வயரிலேயே அடிப்பார்.

கேள்வி: புதிதாகச் சீலிங்கில் துளை போட்டு நான்கு டவுன்லைட் பதித்தோம். விசிறி சுழன்றால் அறை முழுக்க வெளிச்சம் படபடக்கிறது. அம்மாவுக்குத் தலைவலி வருகிறது.

பதில்: லைட்டில் பழுதில்லை. விசிறியின் இதழ் லைட்டுக்குக் கீழே வந்து வந்து ஒளியை வெட்டுகிறது. 56 அங்குல விசிறியின் இதழ் நடுவிலிருந்து 28 அங்குலம் வரை வரும். இதழ் சீலிங்கிலிருந்து 12 அங்குலம் கீழே தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 பாகைக் கோணத்தில் விரியும் டவுன்லைட்டின் ஒளி அந்த மட்டத்துக்கு வரும்போது பக்கத்துக்கு 7 அங்குலம் விரிந்திருக்கும். ஆகவே விசிறியின் நடுவிலிருந்து குறைந்தது 35 அங்குலம் தள்ளி லைட் இருக்க வேண்டும், 3 அடி என்று வைத்தால் கணக்கு லேசு. 100 பாகை விரியும் தட்டை லைட் என்றால் மூன்றரை அடி. விசிறி இன்னும் கீழே தொங்கினால் இந்தத் தூரமும் கூடும்.

துளை போட்டாயிற்று, நகர்த்த முடியாது என்றால் கோணம் குறைந்த 36 பாகை லைட்டாக மாற்றிப் பாருங்கள். துளை இதழின் வட்டத்துக்குள்ளேயே இருந்தால் அதுவும் உதவாது. அந்த லைட்டைக் கழற்றி மூடிவிட்டு, விசிறி இதழின் மட்டத்துக்குக் கீழே வரும் சுவர் லைட் போடுங்கள்.

கேள்வி: சுவிச்சை நிறுத்திய பிறகும் பல்ப் இரவு முழுக்க மெல்லிதாக மினுங்குகிறது. ஆபத்தா?

பதில்: சில வேளை இல்லை, சில வேளை ஆம். அதனால் சும்மா விடாதீர்கள். சுவிச்சில் சிறிய சிவப்பு நியோன் விளக்கு இருந்தால் அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டமே எல்.ஈ.டி.யை மினுக்கப் போதும். சாதாரண சுவிச் போட்டால் நின்றுவிடும். மாடிப்படியில் இருப்பதுபோல் இரண்டு இடத்திலிருந்து இயக்கும் டூ-வே சுவிச் என்றால், நீளமாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் வயர்களுக்கிடையே தூண்டப்படும் மின்னோட்டம் காரணமாகலாம். லைட்டுக்குக் குறுக்கே இதற்கென விற்கும் சிறு கொண்டென்சரைப் போட்டால் தீரும்.

மூன்றாவது காரணம்தான் பயப்பட வேண்டியது: சுவிச்சை லைவ் வயரில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பது. அப்படியென்றால் சுவிச் நிறுத்தியிருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் உயிரோடு நிற்கும். பல்ப் மாற்றக் கை வைப்பவருக்கு அடிக்கும். சுவிச் நிறுத்திய நிலையில் ஹோல்டரின் பின்னில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் இதைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனையையும் திருத்தத்தையும் வயரிங் தெரிந்தவரிடமே விடுங்கள். அதுவரை பல்ப் மாற்றுவதென்றால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானையும் அமர்த்திப் பாருங்கள், சட்டென்று விழ வேண்டும்.

கேள்வி: அறையில் பார்க்கும்போது பொருந்துகிற சேலையும் பிளவுசும் வெளியே வந்தால் வேறு வேறு நிறம். கண்ணாடி மேசைக்கு என்ன லைட்?

பதில்: பல்ப் பெட்டியில் சீ.ஆர்.ஐ. (CRI) என்ற எண்ணைப் பாருங்கள், அந்த ஒளியில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதை அது சொல்லும். மலிவு பல்புகளில் 70, 80. உங்களுக்கு வேண்டியது 90க்கு மேல். குறைந்த எண்ணில் முதலில் அடிபடுவது சிவப்பு. அரக்குப் பட்டு மண்ணிறமாகவும், குங்குமச் சிவப்பு செம்மஞ்சளாகவும் தெரியும். 6500 கெல்வின் பல்பைப் ‘பகல் வெளிச்சம்’ என்று விற்பதால் பலர் ஏமாறுகிறார்கள். கெல்வின் ஒளியின் சாயலைச் சொல்லும், நிறம் சரியாகத் தெரியுமா என்பதைச் சொல்லாது.

லைட்டைக் கண்ணாடிக்கு மேலே ஒன்றாகப் போடாமல், இரு பக்கமும் முக மட்டத்தில் போடுங்கள். மேலிருந்து மட்டும் விழுந்தால் கண்ணுக்குக் கீழும் தாடைக்குக் கீழும் நிழல் விழும். இந்த ஓரிடத்துக்கு 4000 கெல்வின் எடுக்கலாம், தனிச் சுவிச் இருந்தால்.

கேள்வி: சீலிங் ஓரத்தில் எல்.ஈ.டி. பட்டி ஒட்டினோம். தொடக்கத்தில் பிரகாசம், கடைசியில் மங்கல். இரண்டு இடத்தில் கழன்றும் தொங்குகிறது.

பதில்: 12 வோல்ட் பட்டி நீளமாக நீளமாக மின்னழுத்தம் குறையும். 5 மீற்றருக்கு மேல் ஒரே ஓட்டமாகப் போடாதீர்கள். கூட வேண்டுமென்றால் இரண்டாக வெட்டி, இரண்டுக்கும் டிரைவரிலிருந்து (வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி) தனித்தனி வயர் கொடுங்கள். வெட்டுவது கத்தரிக்கோல் அடையாளம் போட்ட இடத்தில் மட்டும். டிரைவருக்குக் கணக்கு: மீற்றருக்கு 14.4 வோட் பட்டி 5 மீற்றர் என்றால் 72 வோட், டிரைவரில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் வைத்தால் 90 வோட், அதற்கு மேலே 100 வோட் டிரைவர் எடுங்கள். அதைக் காற்றில்லாத பெட்டிக்குள் ஒளித்து வைத்தால் வெந்து செத்துப்போகும்.

கழன்றதற்குக் காரணம் சுண்ணாம்புத் தூசியும் நம் ஊர் ஈரக்காற்றும். பட்டியின் பசை பெயின்ட் மேல் நிற்காது. அலுமினிய சட்டத்தைத் திருகாணியால் பொருத்தி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காய்ந்தபின் அதற்குள் ஒட்டுங்கள். சட்டம் சூட்டையும் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: அம்மம்மாவுக்கு 78 வயது. இரவில் பாத்ரூம் போக எழும்புகிறா. லைட்டைப் போட்டால் கண் தெரியவில்லை என்கிறா, போடாவிட்டால் தடுமாறுகிறா.

பதில்: இரண்டும் உண்மை. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்குச் சேரும் ஒளி, 20 வயதில் சேர்ந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதே கண் திடீர் வெளிச்சத்துக்குப் பழகவும் நேரம் எடுக்கும். அதனால் தரையோடு ஒட்டிய மெல்லிய ஒளிதான் வேண்டும். அசைவை உணரும் 1 வோட் சிறு லைட், 2700 கெல்வின், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில். கட்டிலின் கீழ்ப்பக்கம் ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று, இடையில் படியோ திருப்பமோ இருந்தால் அங்கே ஒன்று. படுத்திருக்கும்போது பல்ப் நேரே கண்ணில் படக் கூடாது. உணரி விசிறிக்காற்றில் ஆடும் திரைச்சீலையைப் பார்த்தபடி இருந்தால் இரவு முழுக்க எரிந்து அணையும், திருப்பி வையுங்கள்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடமாட்டார்.

பதில்: நிற்கும் விளக்கு ஒன்று, மேசை விளக்கு இரண்டு. 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே 13 அம்பியர் பியூஸ் இருந்தால் எடுத்துவிட்டு 3 அம்பியர் போடுங்கள். விளக்கின் மெல்லிய வயருக்கு அதுதான் பாதுகாப்பு. இருக்கும் நடு லைட்டின் ஹோல்டரையும் மெயினை நிறுத்திவிட்டு ஒரு தரம் பாருங்கள். உள்ளே இருக்கும் பின்கள் கறுத்து, ஸ்பிரிங் இறுகிப்போயிருந்தால் எந்தப் பல்பும் கண் சிமிட்டும். வீட்டுக்காரரைக் கேட்டு ஹோல்டரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குத் துளை எதுவும் தேவையில்லை.