ஒன்று ஏன் பகா எண் ஆகாது?

கேள்வி: ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகனுக்குப் பகா எண், பகு எண் சொல்லித் தருகிறேன். 1-ஐ 1-ஆல் மட்டும்தானே மீதியின்றி வகுக்க முடியும்? அதை ஏன் பகா எண்களில் சேர்ப்பதில்லை? 221 போன்ற எண்கள் பகா எண்களா என்று எப்படிக் கண்டறிவது? மிகப் பெரிய எண்களுக்கும் அதே வழிதானா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: சரியாக இரண்டே காரணிகள் உள்ள எண் பகா எண், இரண்டுக்கு மேல் இருந்தால் பகு எண். 1-க்கு ஒரே காரணிதான் என்பதால் அது இரண்டிலும் சேராது. வரையறையை ஏன் அப்படி வகுத்தார்கள் என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதி தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். 60-ஐ 6×10 என்று பிரிக்கத் தொடங்கினாலும், 4×15 என்று தொடங்கினாலும், இனிப் பிரிக்கவே முடியாது என்னும் நிலையில் மிஞ்சுவது 2×2×3×5 மட்டுமே. 1-ஐவிடப் பெரிய எந்த முழு எண்ணையும், காரணிகளின் வரிசை மாறலாமே தவிர, ஒரே விதமாகத்தான் பகா எண்களாகப் பிரிக்க முடியும் என்பதே எண்ணியலின் அடிப்படைத் தேற்றம். 1-ஐயும் பகா எண் என்று ஏற்றுக்கொண்டால், 1×2×2×3×5, 1×1×2×2×3×5 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போகலாம். அந்த ஒருமை குலைந்துவிடும். முன்பு கணித அறிஞர்களிலேயே சிலர் 1-ஐப் பகா எண்ணாகக் கொண்டிருந்தார்கள் என்பதால், உங்கள் ஐயம் நியாயமானதே.

221-க்கு வருவோம். 15×15=225 என்பதால், 221 இரண்டு எண்களின் பெருக்கற்பலனாக இருந்தால் அவற்றுள் ஒன்றாவது 15-ஐவிடச் சிறியதாக இருந்தே தீரும்; ஆகவே 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 13-ஆல் வகுத்தால் 17 கிடைக்கிறது, எனவே 221 பகு எண். 223-ஐயோ இந்த ஆறில் எதனாலும் மீதியின்றி வகுக்க முடியாது. அது பகா எண்.

மிகப் பெரிய எண்களுக்கு இவ்வழி உதவாது. 2-இன் 67-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண்ணை இப்படிச் சோதிப்பதென்றால், 1,200 கோடிக்கும் மேல்வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்காஸ், அது பகு எண்தான் என்பதை, ஒரு காரணியைக்கூடக் கண்டறியாமலேயே, வேறொரு சோதனையால் 1876-இல் நிறுவினார். 193707721, 761838257287 என்னும் அதன் இரு காரணிகளை அமெரிக்கரான ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் வெளியிட்டார்.