கப்பல் ஒரு பகல்தான் நிற்கும், வீசா எதற்கு? – கேள்வி பதில்

பயணச்சீட்டு, வீசா வேலைகளிலேயே தலை நரைத்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர், சொகுசுக் கப்பலில் போக நினைப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கொக்குவிலில் இருந்து: பாரிசில் இருக்கும் மகள் எங்கள் இருவருக்கும் கப்பலில் இடம் எடுத்திருக்கிறா. ஏதென்சில் ஏறி, துருக்கியின் குஷாதசி, பிறகு ரோட்ஸ், திரும்ப ஏதென்ஸ். இலங்கைப் பாஸ்போட். ஒருதரம் நுழையும் செங்கன் வீசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான வீசா) போதுமா?

போதாது அக்கா. குஷாதசிக்குக் கப்பல் போனால் நீங்கள் செங்கன் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ரோட்ஸ் கிரேக்கத் தீவு, அங்கே இறங்குவது இரண்டாவது நுழைவு. ஒருதர வீசா அதற்கு முதலே முடிந்துவிடும். பலதரம் நுழையும் வீசா கேளுங்கள். கப்பல் எந்தத் திகதியில் எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்ற பட்டியலையும் விண்ணப்பத்தோடு வையுங்கள். அதைப் பார்த்தால்தான் ஏன் பலதரம் கேட்கிறீர்கள் என்று அதிகாரிக்கு விளங்கும்.

எந்த நாட்டிடம் கேட்பது? மகளோடு பாரிசில் கூடுதல் நாள் நிற்பதென்றால் பிரான்சிடம், கிரேக்கத்தில்தான் கூட நாள் என்றால் கிரேக்கத்திடம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னரே கொடுக்கலாம். பிந்தினால் கடைசி எல்லை 15 நாள், ஆனால் அதுவரை இழுக்காதீர்கள். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது.

துருக்கிக்கு வருவோம். துறைமுகத்தையும் அந்த ஊரையும் சுற்றிப் பார்க்க இறங்கும் கப்பல் பயணிகளை 72 மணித்தியாலம் வரை வீசா இல்லாமல் விட அங்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. அது வந்த கப்பலிலேயே திரும்பிப் போகிறவர்களுக்கு. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டால் அந்தச் சலுகை உங்களைக் காப்பாற்றாது. ஆகவே, இலங்கைப் பாஸ்போட் என்று குறிப்பிட்டுக் கப்பல் கம்பனியிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

உரும்பிராயில் இருந்து: நாங்கள் கரைக்கு இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம். அப்போதுமா வீசா?

ஏறும் இடத்திலேயே பாஸ்போட்டைப் புரட்டுவார்கள். வழியில் உள்ள நாடொன்றின் வீசா வேண்டும் என்று கம்பனி சொல்லி, அது உங்களிடம் இல்லாவிட்டால், ஏற்றமாட்டார்கள். காசும் பெரும்பாலும் திரும்பாது. எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்காபரோவில் இருந்து: எனக்குக் கனடா நிரந்தர வதிவிடம் உண்டு, பாஸ்போட் இலங்கை. வன்கூவரில் ஏறி அலாஸ்கா போய்த் திரும்ப யோசிக்கிறோம். அம்மா விசிற்றர் வீசாவில் வந்து நிற்கிறா.

அலாஸ்கா அமெரிக்கா தம்பி. நிரந்தர வதிவிட அட்டையைக் காட்டி அங்கே இறங்க முடியாது, உங்களுக்கும் அம்மாவுக்கும் அமெரிக்க வீசா வேண்டும். நேர்முகத்துக்குத் திகதி கிடைத்த பிறகு கப்பலுக்குக் காசு கட்டுங்கள். அம்மாவின் கனடா வீசா ஒருதரம் என்றாலும், அமெரிக்காவுக்கு மட்டும் போய், தங்க அனுமதித்த காலத்துக்குள் திரும்பினால் புது வீசா கேட்கமாட்டார்கள்.

சியாட்டிலில் ஏறினால் கனடாப் பக்கம் வராதே என்று சிலர் நினைப்பார்கள். வரும். 1886 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றால், அங்கே ஏறி அங்கேயே இறங்கும் பயணிகளோடு போகும் வெளிநாட்டுக் கப்பல் வழியில் வேறு நாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் நிற்பது அதற்காகத்தான்.

மானிப்பாயில் இருந்து: சிங்கப்பூரில் ஏறுகிறோம். வீசா?

சிங்கப்பூருக்கு 30 நாள் வரை வேண்டாம். கப்பல் தொடும் மற்ற நாடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சாவகச்சேரியில் இருந்து: ஒரு பகல்தானே நிற்கிறது, அதற்கும் வீசாவா?

மேலே வாசியுங்கள்.

வல்வெட்டித்துறையில் இருந்து: காங்கேசன்துறையில் ஏறினால் நாலு மணித்தியாலத்தில் நாகபட்டினம். சேலை வாங்கிக்கொண்டு வர வீசாவா? எங்கள் பாட்டன்மார் கடுதாசி இல்லாமல் போய்வந்தவர்கள்.

வந்துவிட்டது! அது சொகுசுக் கப்பல் அல்ல, 2023 ஒக்டோபரில் தொடங்கிய பயணிகள் சேவை. இந்திய வீசா வேண்டும். பாட்டன் காலத்தில் எங்களுக்குக் குடிவரவுச் சட்டமே வேறு. இப்போது இருப்பது 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம்.

பருத்தித்துறையில் இருந்து: அண்ணை சொல்வது பிழை. அப்போதும் சோதனை இருந்தது. இராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாமில் ஆட்களை அடைத்து வைத்துத்தான் அனுப்பினார்கள்.

அது தோட்ட வேலைக்கு வந்தவர்களுக்கு, நோய்ச் சோதனை. வீசா அல்ல. ஆனால் சும்மா விடவில்லை என்பது சரி.

மறுபடியும் வல்வெட்டித்துறை: அப்ப அன்னபூரணி? எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல், எங்கள் ஆட்களே ஓட்டி 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்டருக்குக் கொண்டுபோனார்கள். யார் வீசா கொடுத்தது?

அதைக் கேட்டால் எனக்கும் புளுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் மாலுமிகள், நீங்கள் பயணி. மாலுமிக்கு இன்றைக்கும் சட்டம் வேறு, பத்திரம் வேறு. நீங்கள் பாய் கட்டிப் போவதென்றால் தனியாகக் கதைப்போம்.

பருத்தித்துறை: தனுஷ்கோடிக் கப்பலை விட்டுவிட்டீர்கள்.

1914 இல் பாம்பன் பாலம் வந்ததும் தலைமன்னார்–தனுஷ்கோடிக் கப்பலும் றெயிலும் இணைந்தன. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி போனது. பிறகு இராமேஸ்வரத்தில் இருந்து ஓடி 1984 இல் நின்றது. போதுமா? வீசாக் கேள்வி இருந்தால் கேளுங்கள்.

நல்லூரில் இருந்து: அண்ணன் சுவிசில், அகதிப் பயணப் பத்திரம் வைத்திருக்கிறார். அவரும் குஷாதசியில் இறங்கலாமா?

பாஸ்போட்டுக்குச் சொன்னதை அந்தப் பத்திரத்துக்கு எடுக்காதீர்கள். பத்திரத்தின் படத்தோடு துருக்கித் தூதரகத்துக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், கப்பல் கம்பனிக்கும் பிரதி போடட்டும்.

சுன்னாகத்தில் இருந்து: கப்பலில் சைவச் சாப்பாடு கிடைக்குமா?

இடம் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அதற்கு வீசா தேவையில்லை.