குதிரைக்குச் செலவு: எதை நிறுத்தலாம், எதை நிறுத்தக் கூடாது?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்பில் ஒரு கத்தியவார் பெண் குதிரை வளர்க்கிறேன். அந்தியூர் சந்தையில் வாங்கியது, எடை சுமார் 350 கிலோ. என் சம்பளம் 75,000 ரூபாய். மாதம் தீவனத்துக்கு 8,000, பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு 6,000, டானிக், பவுடர் வகையில் 5,000, சேணம், அலங்காரம் என்று 2,000 போகிறது. போன மாதம் வயிற்று வலி வந்து ஒரே ராத்திரியில் 26,000 செலவு. நகையை அடகு வைத்தேன். இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா? இல்லை விற்றுவிடச் சொல்கிறீர்களா?

பதில்: சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் குதிரைக்குப் போகிறது. இருந்தாலும் விற்கச் சொல்ல மாட்டேன், ஒரே நிபந்தனை: வீட்டில் உள்ளவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்க வேண்டும். இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள்.

அடுத்து அந்த 5,000 ரூபாய் டானிக். கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்ததா, மினுமினுப்பு வரும் என்று யாரோ சொன்னதா? இரண்டாவது என்றால் நிறுத்துங்கள். மினுமினுப்பு பெரும்பாலும் நல்ல தீவனத்திலும் புழு இல்லாத வயிற்றிலும்தான் வரும். உங்கள் குதிரைக்கு நாளுக்கு 5 முதல் 7 கிலோ உலர் தீவனம் வயிற்றுக்குள் போக வேண்டும். பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், புல்லாகக் கொடுத்தால் அதைப் போலப் பல மடங்கு வேண்டும். கொள்ளும் தவிடும் அதற்கு மேல்தான். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் எலும்பு கெட்டு முகம் வீங்கும். சுண்ணாம்புச் சத்து எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள், அதற்கு ஆகும் செலவு டானிக்கின் பக்கத்தில்கூட வராது.

ஒரு எச்சரிக்கை. மிச்சம் பிடிக்கிறேன் என்று கோழித் தீவனமோ மாட்டுத் தீவனமோ போட்டுவிடாதீர்கள். அவற்றில் மொனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டுக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவே குதிரையின் இதயத்தைப் பாதித்துக் கொன்றுவிடும்.

குறைக்கவே கூடாத செலவும் இருக்கிறது. 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டி லாடம் பார்க்க வேண்டும். வருடம் ஒருமுறை பல் பார்க்க வேண்டும். தீவனத் தொட்டிக்குக் கீழே பாதி மென்ற புல் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறதா என்று கவனியுங்கள். கிடந்தால் கடைவாய்ப் பல்லின் ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் கிழிக்கிறது என்று சந்தேகப்படலாம். அந்த நிலையில் எத்தனை பவுடர் போட்டாலும் வீண். டெட்டனஸ் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள், குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும். புழு மருந்தைக் கண்ட மாதமெல்லாம் கொடுக்காமல், சாணியைச் சோதித்துவிட்டுக் கொடுங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்துக்கு வருவோம். கால்நடைக் காப்பீடு பொதுவாகக் குதிரை இறந்தால்தான் பணம் தரும். அந்த ராத்திரி ஆன 26,000 அதில் வராது. தேசிய கால்நடை இயக்கத் திட்டத்தில் 2024 முதல் பிரீமியத்தில் உங்கள் பங்கு 15 சதவீதம்தான், மீதியை அரசு ஏற்கும். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் இப்போது இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் முழுப் பிரீமியம் கட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வைத்தியச் செலவுக்குச் சொந்த நிதிதான் வழி. டானிக்கும் அலங்காரமும் நின்றால் மாதம் 7,000 மிஞ்சும். அதில் 2,000 குளம்பு, பல், ஊசிக்கு. 5,000 நகைக் கடனுக்கு, அரை வருடத்தில் அடைந்துவிடும். அப்புறம் அதே 5,000-ஐ ஆர்.டி.யில் போட்டால் ஒரு வருடத்தில் 60,000 சேரும். அந்தப் பணத்தில் புது சேணம் வாங்கக் கூடாது, சரியா?

வயிற்று வலி திரும்ப வந்தால் காத்திருக்காதீர்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வாயுவும் தீவனமும் உள்ளேயே தங்கிவிடும். தீவனத்தை மறுப்பது, தரையைக் கீறுவது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, இதில் ஒன்று தெரிந்ததுமே தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு எண் 1962. ராத்திரியில் வரக்கூடிய தனியார் மருத்துவர் யார், எவ்வளவு வாங்குவார் என்பதையும் இந்த வாரமே விசாரித்து, குதிரையைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் போனிலும் எண்ணைப் பதிந்து வையுங்கள்.