லியான்டீன் பிரைஸ் பாடின வேஷங்கள்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

நான் பாடகி இல்ல. இருபது வருஷத்துக்கு மேல ஓபரா கேட்டுட்டு வர்றவ, அதுல பாதி நேரம் லியான்டீன் பிரைஸ் ரெக்கார்டுகள்தான் ஓடும். மேடையில அவங்க பாடின வேஷங்கள்ல எது அவங்களுக்கு நெருக்கம், எது கைவிட்டுச்சு, ஏன்னு கேளுங்க, சொல்றேன்.

கேள்வி: அக்கா, எனக்கு ஓபரா சுத்தமா தெரியாது. இவங்க யாருன்னு முதல்ல சொல்லுங்க.

பதில்: 1927-ல அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல லாரல்னு ஒரு ஊர்ல பொறந்தவங்க. அப்பாவுக்கு மர மில்லுல வேலை, அம்மா பிரசவம் பாக்கிறவங்க. கறுப்பினத்தவங்களுக்கு தனி ஸ்கூல், தனி சீட்னு எல்லாமே தனித்தனியா இருந்த ஊர், தனித்தனியா இருந்த காலம். ஒன்பது வயசுல அம்மா ஜாக்சனுக்கு கூட்டிட்டுப் போய் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சன் கச்சேரியைக் காட்டினாங்க, அன்னிக்கு ஆரம்பிச்ச ஆசைதான். அப்புறம் நியூயார்க்ல ஜூலியார்ட் ஸ்கூல்ல படிப்பு. குரல் சோப்ரானோ, அதாவது பெண் குரல்லயே மேல் ஸ்தாயி வகை, ஆனா கீச்சுன்னு இருக்காது, கீழ் ஸ்தாயில ஒரு கரகரப்பு இருக்கும், மேல போகப் போக குரல் அப்படியே விரிஞ்சு பளபளன்னு ஆகும். அந்த மேல் ஸ்தாயி மாதிரி இன்னொண்ணை நான் கேட்டதில்ல.

கேள்வி: அவங்களுக்கே ரொம்ப பிடிச்ச ரோல் எது?

பதில்: ஆயிடா. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. 1871-ல கெய்ரோவுல அரங்கேறின, இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியோட ஓபரா. எத்தியோப்பிய இளவரசி, எகிப்துல அடிமையா மாட்டிக்கிட்டவ, எதிரி நாட்டு தளபதியையே காதலிக்கிறா, அப்பாவுக்கும் காதலனுக்கும் நடுவுல கிழிபடுறா. அந்த வேஷத்துக்கு என் தோலே எனக்கு உடுப்புன்னு பிரைஸ் சொல்லியிருக்காங்க. மத்த சோப்ரானோக்கள் பல பேர் முகத்துல கறுப்பு பூசிட்டு மேடையேறின வேஷம் அதுன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டு அந்த வார்த்தையை திரும்பப் படிங்க. ஓபரா மேடையை விட்டு வந்த பிறகு 1990-ல ஆயிடா கதையை குழந்தைகளுக்காக தன் சொந்த நடையில புத்தகமாவே எழுதினாங்க, அந்தப் புத்தகத்தை வெச்சுதான் பின்னாடி பிராட்வேல ஒரு மியூசிக்கலே வந்துச்சு. வேற எந்த வேஷத்துக்கும் அவங்க இப்படி செய்யல.

கேள்வி: அப்போ ஆயிடாவாதான் மெட்ல, அதான் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல, அறிமுகம் ஆனாங்களா?

பதில்: இல்லம்மா, அதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். 1957-ல சான் பிரான்சிஸ்கோல ஆயிடா பாட இருந்த அந்தோனியெத்தா ஸ்டெல்லாவுக்கு திடீர்னு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன், பதிலுக்கு ஆள் வேணும், பிரைஸ் ஏற்கனவே பாடம் பண்ணி வெச்சிருந்தாங்க, ஏறிப் பாடிட்டாங்க. அடுத்த வருஷம் கண்டக்டர் கராயன் வியன்னாவுக்கு கூப்பிட்டார், அதே வருஷம் லண்டன், 1960-ல மிலான்ல லா ஸ்கலா ஓபரா அரங்கம், எல்லா இடத்துலயும் ஆயிடாதான். நடுவுல 1958-ல மெட்டை நிர்வகிச்ச ருடால்ஃப் பிங்கும் ஆயிடா பாட வாங்கன்னு கூப்பிட்டார். பீட்டர் ஹெர்மன் ஆட்லர்னு ஒரு கண்டக்டர், பிரைஸை டிவி ஓபராவுல பாட வெச்சவர், அவர் வேணாம்னு தடுத்தார், மெட்டுக்குள்ள முதல் தடவை நுழையும்போது அடிமையா நுழையக்கூடாது, சீமாட்டியாதான் நுழையணும்னு. இவங்களும் வேணாம்னு சொல்லிட்டாங்க. முப்பது வயசு தாண்டின ஒரு பாடகி மெட் வாசல்ல இருந்து திரும்பறதுக்கு எவ்ளோ நெஞ்சுரம் வேணும்னு யோசிச்சுப் பாருங்க, இன்னொரு தடவை கூப்பிடுவாங்கன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது.

கேள்வி: அப்புறம் எந்த வேஷத்துல போனாங்க?

பதில்: 1961 ஜனவரி 27, வெர்டியோட இல் ட்ரொவதோரே, லியோனோரா வேஷம். அரண்மனைப் பெண், சீமாட்டி! கூட டெனரா, அதாவது ஆண் குரல்ல மேல் ஸ்தாயி, ஃபிராங்கோ கொரெல்லி, அவருக்கும் அன்னிக்குதான் மெட்ல முதல் நாள். முடிஞ்சதும் 42 நிமிஷம் கைதட்டல்னு பதிவு இருக்கு.

எனக்கு தனிப்பட்ட முறையில இந்த லியோனோராதான் அவங்க உச்சம். நாலாவது அங்கத்துல காதலன் ஜெயில் கோபுரத்துல இருக்கான், இருட்டு, இவ வெளிய நின்னு பாடறா, மூச்சை எங்க எடுக்கிறாங்கன்னே தெரியாம ஒரு வரி அடுத்த வரிக்குள்ள கரையும், கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து துறவிகள் சாவுக்கு பிரார்த்தனை பண்ற சத்தம் வரும். மைக் கிடையாது, எதிர்ல முழு ஆர்கெஸ்ட்ரா, அதுக்கு மேல அவ்ளோ சன்னமா பாடி கடைசி வரிசை வரைக்கும் கொண்டு போகணும். சத்தமா பாடறது ஒரு பலம்னா, சன்னமா பாடி தூரம் அனுப்பறது அதைவிட பெரிய பலம். இந்த ஓபராவை ஸ்டூடியோல மூணு தடவை பதிவு பண்ணியிருக்காங்க, 1969-ல ஸுபின் மேத்தா நடத்தினது எனக்கு ரொம்ப பிடிக்கும்.

கேள்வி: எல்லாத்தையும் நிறத்தோட முடிச்சுப் போடணுமா? குரல் நல்லா இருந்துச்சு, ஜெயிச்சாங்க, அவ்ளோதானே?

பதில்: குரல் நல்லா இருந்ததால ஜெயிச்சாங்க, சரிதான். ஆனா மரியன் ஆண்டர்சனை நினைச்சுப் பாருங்க தம்பி, உலகமே கொண்டாடின குரல், மெட் மேடையில நிக்க 1955 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு, அப்போ அவங்களுக்கு ஐம்பது வயசு தாண்டியாச்சு. அதே 1955-ல பிரைஸ் என்பிசி டிவியில புச்சினியோட டோஸ்கா ஓபராவைப் பாடினப்போ தெற்கு மாநிலங்கள்ல பல ஸ்டேஷன்கள் அந்த நிகழ்ச்சியையே போடல. குரல் என்ன குத்தம் பண்ணுச்சு? அவங்க வேஷம் வேஷமா யோசிச்சு எடுத்ததுக்கு காரணமே இதுதான், நான் இழுத்துப் போடல.

கேள்வி: போர்கி அண்ட் பெஸ் பாடினாங்களே, அதைப் பத்தி சொல்லவே இல்லையே அக்கா?

பதில்: சொல்லணும். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பத்தி கெர்ஷ்வின் எழுதின ஓபரா அது. 1952-ல 25 வயசுல பெஸ், அதுதான் முதல் பெரிய வேஷம். வியன்னா, பெர்லின், லண்டன், பாரிஸ்னு சுத்தி அப்புறம் பிராட்வே. போர்கியா நடிச்ச வில்லியம் வார்ஃபீல்டையே கல்யாணம் பண்ணாங்க, பின்னாடி பிரிஞ்சிட்டாங்க. அந்த டூர் முடிஞ்சதும் அதே மாதிரி வேஷங்கள்ல தேங்கிடாம வெர்டி, புச்சினி, மோஸார்ட் பக்கம் போனது பெரிய முடிவு.

கேள்வி: தோத்த ரோல்னு ஏதாவது உண்டா?

பதில்: ரெண்டு சொல்றேன். 1961 அக்டோபர்ல மெட் சீசனை திறந்து வெச்சதே இவங்கதான், புச்சினியோட லா ஃபன்சியுல்லா டெல் வெஸ்ட் ஓபராவுல மின்னி வேஷம். ரொம்ப கனமான பாட்டு. ரெண்டாவது ஷோவுல நடுவுலயே குரல் போயிடுச்சு, வரிகளைப் பாடாம பேசியே அந்த அங்கத்தை முடிச்சாங்க, கடைசி அங்கத்தை டோரதி கர்ஸ்டன் வந்து பாடினாங்க. அது அவங்க குரலுக்கான வேஷம் இல்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணு கிளியோபாட்ரா. இதைப் பத்தி பேசினா எனக்கு இப்பவும் மனசு ஆறாது. 1966 செப்டம்பர் 16, லிங்கன் சென்டர்ல மெட்டோட புது கட்டடம் திறப்பு, இசையமைப்பாளர் சாமுவல் பார்பர் இவங்க குரலை மனசுல வெச்சே எழுதின ஆன்டனி அண்ட் கிளியோபாட்ரா ஓபரா. ஆனா இயக்குனர் ஸெஃபிரெல்லி மேடையை நிரப்பிட்டார், கூட்டம், மிருகங்கள், தூக்க முடியாத உடுப்பு, போதாததுக்கு சுழல் மேடை உடைஞ்சு போச்சு, ஒத்திகையில இவங்க ஒரு பிரமிடுக்குள்ளயே மாட்டிக்கிட்டாங்க. விமர்சகர்கள் கிழிச்சாங்க, பார்பர் உடைஞ்சு போனார். பிரைஸ் அந்தப் பாட்டை விட்டுடல, பார்பர் அதுல இருந்து கிளியோபாட்ராவோட ரெண்டு காட்சியை மட்டும் கச்சேரிக்காக தனியா எடுத்துக் குடுத்தார், அதை இவங்க பாடி ரெக்கார்டும் பண்ணாங்க. தேடிக் கேளுங்க, அந்த சாவுக் காட்சியைக் கேட்டா அந்த நாள் மேல கோபம்தான் வரும், இவ்ளோ நல்ல பாட்டை செட்டு போட்டு மூடிட்டாங்களேன்னு.

கேள்வி: பிஸேயோட கார்மென் ஓபரா பாடியிருக்காங்களா?

பதில்: ரெக்கார்டுல மட்டும், கராயனோட. மேடையில பாடல. அதுவும் நல்லாதான் இருக்கும்.

கேள்வி: பாஷை புரியாதே, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: கதையை முதல்ல படிச்சிடுங்க, பத்து நிமிஷம் ஆகும். முழு ஓபராவுல ஆரம்பிக்காதீங்க, ஆயிடா மூணாவது அங்கத்துல நைல் கரையில வர்ற பாட்டை மட்டும் போடுங்க. சோல்டி நடத்தினதும் இருக்கு, 1970-ல லைன்ஸ்டார்ஃப் நடத்தினதும் இருக்கு, நான் சோல்டி பக்கம்.

கேள்வி: கடைசியா ஓபரா மேடையில என்ன பாடினாங்க?

பதில்: அதே நைல் கரைதான். 1985 ஜனவரி 3, மெட்ல ஆயிடா, டிவியில நேரடியா போச்சு. எந்த வேஷத்தோட மெட்டுக்குள்ள நுழைய மாட்டேன்னு சொன்னாங்களோ அந்த வேஷத்தையே விடைபெறும்போது அவங்களா எடுத்துக்கிட்டாங்க, அப்போ வயசு 57. என் நாடே, இனிமே உன்னை நான் பாக்கவே மாட்டேன்னு வர்ற பாட்டு அது. முடிஞ்சதும் கைதட்டல் மூணு நிமிஷம் போல நிக்கவே இல்ல. வீடியோவுல பாருங்க, அவங்க ஆயிடாவாவே அசையாம நிக்கிறாங்க, தலை குனிஞ்சு வணக்கம் சொல்லல, கண்ணு மட்டும் கலங்குது, கைதட்டல் ஓயட்டும்னு ஆர்கெஸ்ட்ராவும் காத்துட்டு இருக்கு.