ஸ்கேல் மாடல் மேல் தரை பாலிஷ் பூசுகிறார்களே, எதற்கு?

பிளாஸ்டிக் விமானம், கார் மாடல் செய்கிறவர்கள் பெயிண்ட் காய்ந்ததும் வீட்டுத் தரைக்கான அக்ரிலிக் பாலிஷை மெல்லிசாகப் பூசுவார்கள், அதுதான் கிளாஸ் (gloss) கோட், அதாவது பளபளப்பு மேல்பூச்சு. அழகு இரண்டாம்பட்சம். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக இருக்கும், அதன் மேல் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டெக்காலை (சின்னம், எழுத்து அச்சிட்ட மெல்லிய படலம்) வைத்தால் அடியில் காற்று சிக்கி வெள்ளி பூத்த மாதிரி தெரியும். பாலிஷ் அந்தச் சொரசொரப்பைச் சமமாக்கிவிடும்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் பட்டறையில் பார்த்திருப்பீர்கள், அறுத்த கல் சாம்பல் பூத்துக் கிடக்கும், பாலிஷ் போட்டதும் அதே கல் கருகருவென்று மின்னும். அங்கே தேய்த்துச் சமமாக்குகிறார்கள், இங்கே பள்ளத்தை நிரப்புகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த பாலிஷ் தண்ணீரில் கலந்த நுண்ணிய அக்ரிலிக் துகள்கள். தண்ணீர் ஆவியாக ஆவியாக அவை ஒன்றோடொன்று சேர்ந்து தெளிவான படலமாகிவிடும், பிரஷ் கோடுகூடப் பெரும்பாலும் தானாகவே சமமாகி மறைந்துவிடும். நிறைய வைத்தால் ஓரத்தில் குட்டை கட்டும், டிஷ்யூ முனையால் உறிஞ்சி எடுங்கள். சொதப்பிவிட்டால் அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் கரைத்துவிடும் (அடியில் இருப்பதும் அக்ரிலிக் பெயிண்ட் என்றால் அதுவும் சேர்ந்து போகலாம்!).

அப்புறம், தரைக்குப் போடுவதெல்லாம் ஒன்றுதான் என்று மெழுகு பாலிஷையோ தரை துடைக்கும் திரவத்தையோ பூசிவிடாதீர்கள், அவற்றில் இந்த அக்ரிலிக் படலம் வராது.