வெள்ளிக்கிழமை பஸ்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பல்லடத்துக்குப் பக்கம். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் கோவையில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டலில் இருக்கிறேன். முதல் செமஸ்டரில் மேத்ஸ், பிசிக்ஸ் இரண்டிலும் அரியர். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவது மார்க் நான். இங்கே சொல்வது காதில் விழுகிறது, மண்டையில் ஏறுவதில்லை. சந்தேகம் கேட்க எழுந்தால் இங்கிலீஷ் வராமல் உட்கார்ந்துவிடுகிறேன். “கோட்டாவா?” என்று ஒருத்தி கேட்டதிலிருந்து மெஸ்ஸுக்கும் தனியாகத்தான் போகிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் ஊருக்கு பஸ் ஏறினால், திங்கள் விடிகாலைதான் திரும்புவேன். அப்பாவிடம் அரியரைச் சொல்லவில்லை. இதை விட்டுவிட்டு திருப்பூரில் ஆர்ட்ஸ் காலேஜில் சேர்ந்துவிடலாமா?

பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள அம்மிணி,

அரியரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்துவிட்டு, பிறகு எழுதித் தேறி, நல்ல வேலையில் இருப்பவர்கள் என் சொந்தத்திலேயே நான்கைந்து பேர் உண்டு. அதற்காகப் படிப்பை மாற்ற வேண்டியதில்லை. தமிழோ வரலாறோ படிக்க ஆசையாக இருந்தால் தாராளமாக மாறு. பயந்து மாறாதே.

அந்தக் கோட்டா கேள்விக்கு நீ கூச வேண்டியதே இல்லை. 2021-இல் சட்டமாக வந்த ஒதுக்கீடு அது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குள் போட்டி வைத்து, உன் மார்க்குக்குக் கொடுத்த இடம். படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசு கட்டுவதும் உனக்குச் சேர வேண்டியதுதான். இனி யாராவது கேட்டால் “ஆமாம்” என்று சொல்லிவிட்டு, நாலு பேர் இருக்கிற மேசையில் உட்கார்ந்து சாப்பிடு.

எனக்கு உறுத்துவது வெள்ளிக்கிழமை பஸ்தான்.

நான் 1983-இல் சென்னிமலைப் பக்கமிருந்து கோவைக்குப் படிக்க வந்தவன். நானும் தமிழ் வழி. சனிக்கிழமை மதியம் ஆனால் தகரப் பெட்டியோடு ஓடிவிடுவேன். அம்மாவின் அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டால்தான் உயிர் வரும். வகுப்பில் ‘டென்ஷன்’, ‘இன்க்ளைன்டு பிளேன்’, ‘புல்லி’ என்று போர்டில் விழும். நோட்டில் எழுதிக்கொள்வேன், ஒன்றும் விளங்காது.

ஒரு வாரம் காய்ச்சல், ஊருக்குப் போக முடியவில்லை. போர்வையைப் போர்த்திப் படுத்திருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் ரூம்மேட் ஒரு கணக்கைத் தனக்குத்தானே பேசிப் பேசிப் போடுகிறான்: “இந்தப் பக்கம் சரிவு. மேலே உருளை. இந்தக் கல்லு கீழே இழுக்குது, கயிறு அதைப் புடிச்சிருக்குது.” நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் கிணற்றுமேட்டில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை. மோட்டார் வந்த பிறகும், கரண்ட் இல்லாத நாளில் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கவலை பூட்டுவார். மாடுகள் சரிவில் இறங்கும், உருளையில் வடம் ஓடும், தண்ணீர் மொண்ட சால் மேலே வரும். பாதித் தடத்தில் அப்புச்சி தாவி வடத்தின்மேல் உட்காருவார். மாட்டோடு சேர்ந்து அவர் எடையும் இழுக்கும். டென்ஷன் என்றால் பள்ளியில் படித்த இழுவிசை. இன்க்ளைன்டு பிளேன் என்றால் சாய்தளம். எல்லாம் தெரிந்த சங்கதி. பெயர்தான் மாறியிருந்தது.

வகுப்பில் ஆங்கிலத்தில் விழுவது சனி ஞாயிறில் ஹாஸ்டல் கட்டில்களில்தான் தமிழாகிறது. யாராவது ஒருத்தர் சத்தம்போட்டுக் கணக்குப் போடுவார், இன்னொருத்தர் “அது எப்படிங்க?” என்று கேட்பார். நீ வெள்ளிக்கிழமை சாயங்காலமே சூலூர் தாண்டிப் போய்விடுகிறாய்.

ஊருக்கே போகாதே என்று சொல்ல மாட்டேன். முதல் வருஷம் வீட்டை நினைத்து வயிற்றைப் பிசைவது எனக்கு மறக்கவில்லை. இந்த மாதம் இரண்டு வாரம் மட்டும் தங்கிப் பார். அடுத்த முறை போகும்போது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகங்களை எடுத்து வா. கடைசிப் பக்கங்களில் கலைச்சொற்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். உன் பிசிக்ஸ் பாடத்தில் வரும் டார்க், அங்கே திருப்புவிசை. மொமென்ட் ஆஃப் இனர்ஷியா, நிலைமத் திருப்புத்திறன். ஒரு நோட்டில் இரண்டையும் பக்கம்பக்கமாக எழுதி வை. சந்தேகத்தைத் தமிழிலேயே கேள். வகுப்பில் நாக்கு எழவில்லையென்றால், முடிந்ததும் வாசலில் நின்று கேள். நம் பக்கத்து வாத்தியார்களில் பலர் உன்னைப்போல் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள்தான், சொல்லித் தருவார்கள்.

அப்பாவிடம் அரியரைச் சொல்லிவிடு. நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறவர் அவர். மறைத்தது தெரிந்தால்தான் வருத்தப்படுவார்.

சொல்லும்போது தறிக்குப் பக்கத்திலேயே நின்று ஒன்றைக் கவனி. தறிக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்து வளர்ந்திருப்பாய், ஆயிரம் முறை பார்த்திருப்பாய். கரண்ட் போனதும் தறி சட்டென்று நிற்காது. ஓரத்தில் இருக்கும் கனமான சக்கரம் இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டுத்தான் ஓயும். ஏன்? அந்தக் கனமெல்லாம் சக்கரத்தின் விளிம்பில் இல்லாமல் நடுவில் இருந்தால் அவ்வளவு நேரம் சுற்றுமா? அப்பாவிடமும் கேள், புத்தகத்திலும் தேடு. பதிலைப் படம் போட்டு எனக்கு அனுப்பு. தமிழிலேயே எழுது. காத்திருக்கிறேன்.